கவர் போடாத ஏழு கவுன்கள்

புதியம்புத்தூரில் லிங்கராஜ் அண்ணாச்சியின் ரெடிமேட் கம்பெனியில் மெஹருன்னிசா இப்போது செக்கிங் பார்க்கிறாள். அதற்கு முன் பதினோரு வருஷம் பேக்கிங். தினமும் ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கறையும் கிழிசலும் உள்ளே போகும்படி கவுன் மடிப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. நூற்றுக்கு நாலு அப்படித்தான் போகும் என்பது அண்ணாச்சியின் சட்டம். பக்கத்து மேஜையில் பட்டன் தைக்கிற நான் உட்பட ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. சம்பளம் வாங்குகிற வாய் அல்லவா!

போன ஆவணியில் சென்னைக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்தது. சரக்கு ஏறுகிற அன்று அண்ணாச்சி ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக விளாத்திகுளம் போய்விட்டார். சென்னைக்காரர் அனுப்பிய இங்கிலீஷ் மெசேஜை, பந்தியில் உட்கார்ந்தபடி, படிக்காமலே மெஹருன்னிசாவின் போனுக்குத் தள்ளிவிட்டார். பத்தாவது வரை படித்த அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "டோன்ட் கவர் அப் டேமேஜ் பீசஸ்."

"ஏட்டி காளீஸ்வரி, டேமேஜ் பீசுக்குக் கவர் போடக் கூடாதாம்," என்றாள் என்னிடம்.

எங்களுக்குக் கவர் என்றால் பாலிதீன் பைதான். நானும் தலையாட்டினேன். ஏழு கவுன்களில் கறை இருந்தது. கவர் இல்லாதது அடியில் கிடந்தால் கசங்கிவிடும் என்று, ஏழையும் கறை தெரியப் பெட்டியின் மேலாகவே வைத்து ஒட்டினாள்.

மறுநாள் விஷயம் தெரிந்து அண்ணாச்சி குதித்தார். "கவர் அப்னா குறையை மூடி மறைக்கிறதும்மா! ஆர்டர் போச்சுன்னா நீயும் வீட்டுக்குப் போயிரு."

அன்று அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. "பதினோரு வருசமா நாம செஞ்சதுக்கு இதான் பேரா?" என்றாள். எனக்கும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் சென்னைக்காரரே நேரில் வந்தார். "குறையை மேல வச்சு அனுப்பினது நீங்க ஒருத்தர்தான். யார் பேக் பண்ணினது?"

"இவதான் சார். நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை," என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் கூசாமல்.

"நான் எழுதினதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இனி எங்க சரக்குக்கு நீங்களே செக்கிங் பாருங்க," என்றார் சென்னைக்காரர் அவளிடம்.

ஆமாம் என்று சொல்லச் சொல்லி அண்ணாச்சி கண்ணால் கெஞ்சினார். நானும்தான் கெஞ்சினேன்.

மெஹருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "இல்ல சார். கவர்னா பாலிதீன் பைன்னு நெனச்சிட்டேன். அந்த மெசேஜ் வரலன்னா உள்ள வச்சுத்தான் மடிச்சிருப்பேன். எப்பவும் அப்படித்தான்."

சென்னைக்காரர் காரில் ஏறிப் போனார்.

"வலிய வந்த சீதேவியைக் காலால உதைக்கியே! இத எதுக்கும்மா அவியகிட்ட சொன்ன?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணாச்சி.

"அவியதானே அண்ணாச்சி எழுதியிருந்தாவ, கவர் அப் பண்ணாதன்னு," என்றாள் மெஹருன்னிசா.