வாசிக்கத் தெரியுமா என்ற கட்டம்

என் கணவரின் தாய் கியூபெக்காரி. நான் அவரை மாமி என்றே கூப்பிடுகிறேன். அவருக்கும் அது பழகிவிட்டது. எண்பதை நெருங்கும் வயதில் இல்-பிசார் தீவில் தனியாக இருக்கிறார். கண் மங்கிவிட்டது. தொண்ணூறு வருடத்துக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்த குடிசன மதிப்பீட்டுத் தாள்களை அரசாங்கம் இணையத்தில் திறந்துவிட்டது என்று வானொலியில் கேட்டதும் எனக்குத்தான் போன் எடுத்தார். அவருடைய தாய் சிறுமியாக இருந்த காலத்துத் தாள்கள் அவை.

"என்ர மகனுக்குப் பொறுமை இல்லை. நீ தேடித் தா" என்றார். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

பெயர் அட்டவணை அப்போது போடப்படவில்லை. கணக்கெடுத்தவர் எந்தத் தெருவால் நடந்தாரோ, நாங்களும் அந்தத் தெருவால் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிப்பேன். பெயர், வயது, தொழில், வீட்டில் வானொலி இருக்கிறதா, வாசிக்க எழுதத் தெரியுமா. மாமி கோப்பியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"இஞ்ச பார், பாண் சுடுறவனிட்ட வானொலி இருக்கு, உறுதி எழுதுற நொத்தாரிசிட்ட இல்லை!" என்று சிரிப்பார்.

நகரத்தின் கிழக்குப் பக்கத்துத் தாள்களில் அவருடைய தாயின் குடும்பம் கிடைத்தது. தகப்பன், தாய், நாலு ஆண்பிள்ளைகள். மாமியின் தாய் மட்டும் அங்கே இல்லை. பிழையான குடும்பத்தைப் பிடித்துவிட்டோமோ என்றுகூட மாமி யோசித்தார்.

பிறகு ஒரு நாள் வீட்டில் சும்மா இருக்கும்போது, நான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் தாள்களைத் திறந்து பார்த்தேன். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள் என்று அறியும் ஆசைதான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு இங்கிலிஸ் டொக்டரின் வீடு. அந்த வீட்டின் கடைசி வரியில் மாமியின் தாய் இருந்தார். வயது பதின்மூன்று. வீட்டு வேலைக்காரி.

நான் கைதட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல்தான் முதலில் உறுத்துகிறது. வரி முழுவதையும் அப்போதே வாசித்துவிட்டேன். வாசிக்க எழுதத் தெரியுமா என்ற கட்டத்தில் இருந்ததையும் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன். மாமிக்குச் சொல்லும்போது கதைக்கு இன்னும் கனம் சேரும் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகக்காரி மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வேலைக்காரி என்றதும் மாமி கண்ணைத் துடைத்தார்.

"அப்பிள் மரம் நிண்ட ஒரு பெரிய வீட்டில இருந்தனான் எண்டு அம்மா சொல்லுவா. நான் யாரோ சொந்தக்காரற்ற வீடெண்டு நினைச்சன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வாசிக்க, எழுதத் தெரியுமா? இல்லை."

"திரும்ப வாசி."

வாசித்தேன். மாமி கோப்பையின் பிடியைப் பிடித்தபடி இருந்தார். குடிக்கவில்லை.

"முதியோர் இல்லத்தில அம்மா எப்பவும் நித்திரைதான். நான் வேலை முடிஞ்சு போவன். எழுப்ப மனம் வராது. வந்திட்டுப் போறன் எண்டு ஒரு துண்டில எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில வைப்பன். அவ எல்லாரிட்டையும் மகள் வாறதே இல்லை எண்டு சொன்னா. பொய் சொல்லுறா, என்னைக் கெடுக்கிறா எண்டு எனக்குக் கோவம். பேந்து நான் போறதைக் குறைச்சிட்டன்."

"மாமி, அப்ப அவவுக்குப் பதின்மூண்டு வயசுதானே. பிறகு படிச்சிருக்கலாம்."

"என்ர பள்ளிக்கூட றிப்போட்டுகளில எல்லாம் அப்பாதான் கையெழுத்து வைச்சவர்" என்றார். பிறகு, "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

அதற்குப் பிறகு அவராக எனக்குப் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் நித்திரை வருகுது என்று வைத்துவிடுவார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் என் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"உந்த வரியை ஏனடி வாசிச்சனீ?"

"தாளில இருந்ததுதானே அக்கா."

"தாளில ஆயிரம் இருக்கும். வாசிச்சது நீ."

தாயின் தாள்களைத் தேடச் சொன்னது மாமிதான் என்று ஒரு நியாயம் மனதில் வைத்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றே சொல்லாமல் கொள்ளாமல் இல்-பிசாருக்குப் போனேன். மாமி கதவைத் திறந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் துண்டு எழுதினது உனக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும்?" என்றார். "என்ர பிழையை நீ தூக்காதை."

எனக்கு அது போதவில்லை. நான் கைதட்டியதையும், அந்தக் கட்டத்தை முதலே பார்த்ததையும் சொன்னேன். மாமிக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வீட்டைக் காட்டு."

காரில் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீடு இன்னும் நிற்கிறது, உள்ளே பல குடும்பங்களாகப் பிரித்துவிட்டார்கள். அப்பிள் மரம் ஒன்றும் இல்லை. மாமி காரைவிட்டு இறங்கி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைக் காட்டி, "இதாலதான் அவ உள்ளுக்குப் போயிருப்பா, என்ன?" என்று கேட்டார்.

"ஓம், மாமி" என்றேன். எனக்கு அது தெரியாது. தெரியாததை அன்று நான் தெரிந்ததுபோல் சொன்னேன். அதற்காக மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.