குஷ்டம் என்றவளுக்குக் குங்குமம் இல்லை

பிள்ளைகளா, அறுபதுகளில் நாம் புனேவில் கேம்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தபோது உங்கள் அம்மாவின் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. படை என்று களிம்பு கொடுத்தார்கள். போகவில்லை. வீட்டுச் சொந்தக்காரி அதைக் குஷ்டம் என்றே முடிவுகட்டிவிட்டாள். சங்கராந்திக்குச் சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுத்தவள், அம்மாவை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் தடிப்பைப் பஞ்சால் தொட்டார். குஷ்டமென்றால் மரத்துப்போயிருக்கும்; அம்மாவுக்கு உணர்ச்சி இருந்தது. பிறகு துளித் தோலை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"குஷ்டக் கிருமி இல்லை. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களே தோலில் பெருகிக் கட்டியாகுது. இது ஒருவகைப் புற்று, மெதுவாத்தான் வளரும். யாருக்கும் ஒட்டாது."

புற்று என்றதும் நான் இடிந்துபோனேன். அம்மாவோ, "ஒட்டாதுன்னாரே, அதை ஊருக்குச் சொல்லுங்க" என்றாள்.

வீடு வீடாகச் சொன்னேன், வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த சங்கராந்திக்கு நம் வீட்டிலேயே மஞ்சள் குங்குமம் வைத்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள்.

"என்னை மட்டும் கூப்பிடலையே?" என்று, எல்லோரும் வருவதைப் பார்த்து வீட்டுக்காரியும் வந்து நின்றாள்.

வாசலிலேயே மறித்தேன். "உங்களுக்கு ஒட்டிக்குமே, தாயி!"

முற்றமே சிரித்தது. அவள் முகம் சுண்டியதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. அம்மா அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்து நின்றவள் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.