ஆயில் முள் விழுந்தபோது

மாலை நாலு இருபதுக்கு அந்த முள் விழுந்தது. மகள் கைப்பேசியில் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்ததால் நேரம் பதிவாகியிருக்கிறது. படத்தில் அவள் சிரிக்கிறாள். பின்னால் படகோட்டியின் கை இன்ஜின் சாவியை நோக்கி நீள்கிறது.

வேலூர்ப் பக்கம் ஏரி நிரம்பி, கோடி வழியாகத் தண்ணீர் கீழே கொட்டத் தொடங்கினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கிளம்பிவிடும். நாங்களும் போனோம். மோட்டார் படகில் நான், மகள், படகோட்டி மட்டும். டீசல் மீட்டர் எதிரிலேயே இருந்தும், அவர் டேங்கில் குச்சி விட்டு அளந்த பிறகே புறப்பட்டார். நடு ஏரியில் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்குச் சரிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டார். காற்று எங்களைக் கோடியை நோக்கித் தள்ளியது. கயிற்றில் கட்டி அவர் இறக்கிய கல்லும் சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. அங்கே காற்றிலிருக்கும் ரசாயனம் மீட்டர்களை அரித்துவிடும். முள் விழுந்தால் மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம்; ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் கத்தினேன்.

“நான் ஃபேக்டரில மெஷின் பாக்குறவ. மீட்டர் கெட்டிருக்கும், ஓட்டுங்க! டீசல் முள்ளுகூடத்தான் ஆடிச்சு. அத நம்புனீங்களா?”

“படகு ஆடுனா அதுவும் ஆடும் மேடம். அது தப்பா காட்டுனா குச்சி இருக்குது. இதுக்கு இன்னா இருக்குது? ஆயில் இல்லாம ஓட்டுனா ரெண்டு நிமிஷத்துல இன்ஜின் புடிச்சுக்கும், அப்பறம் ஓடாது. கோடி கிட்ட போய்ட்டா ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணணும். அதுக்குத்தான் அந்த ரெண்டு நிமிஷத்த வச்சிருக்கேன்.”

“என் பொண்ணு இருக்கா!”

“அதனாலதான் மேடம்.”

“அம்மா, கத்தாதம்மா,” என்றாள் மகள்.

கரையில் டிக்கெட் கொடுக்கும் தன் மனைவிக்குப் போன் செய்துவிட்டு, படகோட்டி இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினார். குழாய் விரிசல் விட்டு, ஆயில் முழுக்கப் படகின் அடித்தட்டில் கறுப்பாகக் கிடந்தது. அதன்பின் அவர் சாவியில் கை வைத்தபடி, கோடிக்கும் எங்களுக்கும் இருந்த தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் இரைச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் பெடல் படகை மிதித்துக்கொண்டு அவர் மனைவிதான் வந்தார். கொண்டுவந்த கயிற்றின் மறுமுனை கரையில் நின்றவர்கள் கையில் இருந்தது. மூச்சிரைக்க அதை எங்கள் படகில் கட்டியவர், திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தார்.

“நிறுத்தச் சொன்னது யாரு?”

“மேடம்தான். ஃபேக்டரில மெஷின் பாக்குறவங்க,” என்றார் படகோட்டி, என் பக்கம் திரும்பாமலே.

மகள் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லவேள நீங்க இருந்தீங்க மேடம். கூட வர்றவங்க கத்துனா இவரு பயந்து ஓட்டிடுவாரு.”