பயமுறுத்தத் தெரியாத ராட்சசன்

திருஷ்டிப் பூசணிக்காய்க்கு முகம் வரைவது ஒரு வேலை என்று எங்கள் கவரைப்பேட்டையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முகம் சரியில்லை என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். இப்போதும் என் கையில் ஈரத்துணிதான் இருக்கிறது. பூசணிக்காய் மேல் சுண்ணாம்பு தூவின மாதிரி ஒரு வெள்ளைப் பொடி இருக்கும். அதைத் துடைத்து எடுக்காவிட்டால் பெயிண்ட் பிடிக்காது, தோலோடு உரிந்து வந்துவிடும். நாலு காய் துடைத்து வைத்துவிட்டு, அந்த ஈரம் உலர்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். வாசலில் குனிந்து கோலம் போடும்போது, பின்னால் நின்று "அந்தப் பக்கம் கோணலா போவுது பாரு" என்று சொல்கிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஆறாவதோடு நின்றவள். என் மாமியார் ஸ்டேஷன் ரோட்டில் பூசணிக்காய்க் கடை போடுகிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். புது வீடு, புதுக் கடை, புதுக் கம்பெனி எதுவானாலும் கண் படாமல் இருக்க வாசலில் ராட்சசன் முகம் போட்ட பூசணி கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா, அந்தக் காய்தான். முன்பெல்லாம் வரைந்த காயாகவே செங்குன்றத்தில் வாங்கி வருவார். என் பெண் பிறந்த பிறகு, நானே வரைகிறேன் என்று எப்படியோ வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். எனக்கு அதுவே பெரிய காரியம். அத்தை யோசித்துவிட்டு, "ஆயுத பூஜை வரிக்கும் பாக்கறேன். வித்தா வரை. விக்கலன்னா பாப்பாவ எங்கிட்ட வுட்டுட்டு நீ பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்க்கினு இரு" என்றார். கம்பெனி வேன் விடியும்போதே வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டின பிறகுதான் கொண்டுவந்து விடும். பாப்பா அப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்திருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்க நான் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ராட்சசன் மனசு வைக்க வேண்டும்.

அழகுதான் குறை

படம் என்றால் அழகாக இருக்கணும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதனால் முதல் காய்களில் வில் மாதிரி புருவம், அடர்த்தியான இமை, எண்ணெய் தடவி வாரின மாதிரி மீசை, சிவந்த உதடு என்று ஆசை ஆசையாகப் போட்டேன்.

டிபன் கடை திறக்கப்போகிற ஒரு அம்மா அதில் ஒன்றை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப அழகா கீதும்மா. அதான் வேணாம். எங்கூட்டுக்காரரு அடுப்பப் பாக்காம நாள்பூரா இத்தயே பாத்துக்கினு இருப்பாரு."

காபி வாங்கிக்கொள்கிறவன்

அழகு வேண்டாம் என்று தெரிந்துபோனதும் கோரப்பல் வைத்தேன், நாக்கை வெளியே இழுத்தேன். ஆனால் முழு நாக்கையும் இழுக்க எனக்கே கூச்சமாக இருந்தது, கொஞ்சமாகத்தான் இழுத்தேன். கண்ணை உருட்டிப் போட்டாலும் அது கீழேதான் பார்த்தது. கடைக்கு வருகிறவர்கள் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தால்தானே, நான் வரைந்த ராட்சசன் பார்ப்பான்.

லாரி ஷெட்டில் கட்ட ஒன்று வாங்க வந்த டிரைவர், வரிசையாக அடுக்கியிருந்த காய்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "இன்னாம்மா இது, ராட்சசன் பொண்ணு பாக்க வந்த மாப்ள கணக்கா கீறான். பல்லு கீது, மீச கீது, ஆனா காபி குடுத்தா குனிஞ்சி வாங்கிக்குவான் போல."

அழுகப்போகிற படம்

கம்பெனி வாசலுக்குக் காய் எடுக்க ஒரு சூப்பர்வைசர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நான் புருவத்துக்கு ஒவ்வொரு முடியாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. ஆர்ட் என்றால் காலாகாலத்துக்கும் நிற்கணும், அரண்மனையில் மாட்டி வைப்பார்கள், இது ரெண்டு அமாவாசை போனால் சொத்தென்று விழுந்துவிடும், இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்டார். மத்தியானம் வைக்கிற சாம்பார் ராத்திரிக்குள் தீர்ந்துவிடுகிறது, அதற்காக உப்புப் போடாமலா இருக்கிறோம் என்று நான் பதில் சொன்னேன். மனசுக்குள்தான் சொன்னேன்.

இன்னும் பயமாக இருந்தால் வாங்கியிருப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனவர் திரும்பி வந்தார். படம் எடுக்கிற செல்போனை நான் அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன். என் ராட்சசனைக் கிட்டே ஒன்று, தள்ளி நின்று ஒன்று எடுத்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நெளிந்துகொண்டே சொன்னார்: "அழுகிடும்ல, அதான் எடுத்து வெச்சிக்கிறேன்."

நாக்கு இல்லாத முகம்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. விற்காத காய்கள் வீட்டுக்குள்ளேயே வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. பிளாஸ்டிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று அத்தை விசாரித்துக்கொண்டும் வந்துவிட்டார்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் பழைய மொபெட் ஒன்று வாங்கி வந்தார். தெருவே வந்து பார்த்தது. பின்வீட்டு அக்கா, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று வாயால் சொன்னாள். அவள் கண் சக்கரத்தில் ஆரம்பித்து, மெதுவாக ஏறி, சீட்டைத் தடவி, ஹேண்டில்பார் வரை போய்விட்டு என்னிடம் வந்து நின்றது. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. கோரப்பல் இல்லை, நாக்கு இல்லை. நான் போய் மொபெட்டை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தோன்றியது, ராட்சசனைப் பார்த்து இந்த ஊரில் யார் பயப்படுகிறார்கள். நாம் பயப்படுவது இந்தப் பார்வைக்குத்தானே.

விற்காத காய் ஒன்றை எடுத்து வைத்து உட்கார்ந்து, நாக்கை அழித்தேன். இமையைப் பாதி இறக்கினேன். இரண்டு கருவிழியையும் ஒரே பக்கம் நகர்த்தினேன். உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் துளி மேலே ஏற்றினேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்த அத்தை அதைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது, முந்தானையை இழுத்து மூடியது. பிறகு கேட்டார்: "இன்னா சுமதி, இது எஞ்சங்கிலியையே பாக்குது?"

எதிர் வீடு

அந்த மாதிரி முகம் போட்ட முதல் காயை, மாடி எடுத்துக் கட்டின ஒரு அம்மா வாங்கிக்கொண்டு போனார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த வீட்டுக்கு எதிர் வீட்டு அம்மா கடைக்கு வந்தார். வந்த வேகத்திலேயே சண்டைக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காய்க் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எவ இங்க படம் வரையறவ? எம் மூஞ்சிய அப்படியே வரஞ்சி அவ ஊட்ல தொங்க வுட்டுக்கீறா. காலைல வாசல் தெளிக்க வந்தா நானே என்னைப் பாத்துக்கினு கீறேன்."

"அது ராட்சசன் மூஞ்சி தாயி. அதுல நீ எப்படி வருவ?" என்றார் அத்தை.

அந்த அம்மாவின் கை போய் அவர் உதட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. "நான் உங்கள இப்பத்தாங்க்கா பாக்கறேன்" என்று குவியலுக்குப் பின்னாலிருந்து என் குரல் வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த அம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஒவ்வொரு காயாக எடுத்து, இதில் கண் போதாது, இதில் சிரிப்பு போதாது என்று ஒதுக்கினார். கடைசியில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இத்தக் கட்டிக் குடு. அச்சு அசலா அவளேதான். அவ ஊட்டயே பாக்கற மாரி தொங்க வுடறேன்."

பிளாஸ்டிக் கம்பெனிப் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை. பாப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறாள். படம் என்றால் அழகாக இருக்கணும், நிஜம் மாதிரி இருக்கணும், நெடுநாள் நிற்கணும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆனால் இத்தனை காய்க்கு முகம் போட்ட பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல படம் என்பது பார்க்கிறவர்கள் எல்லோரும் தங்களைத் தவிர மற்ற எல்லோரையும் அதில் கண்டுபிடித்து... இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பா கறுப்புப் பெயிண்ட் டப்பாவுக்குள் காலை விட்டுக்கொண்டு...