பூச்சக்கையை அளந்த நாள்

எனக்கு முன்கோபம் அதிகம். அதிலும் கூட்டல் கழித்தல் ஒத்துவராத நாளில் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில், மல்லிகைப் பூவிலிருந்து சென்ட்டுக்கான வாசனை மெழுகு எடுக்கும் ஆலையில் நான்தான் கெமிஸ்ட். ஒரு கிலோ மெழுகு எடுப்பதற்குள் எத்தனை கிலோ கழிவை உண்டாக்குகிறோம் என்று வெளிநாட்டு வியாபாரி கேட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கணக்கை அனுப்ப வேண்டும்.

பூவை ஹெக்சேனில் ஊறவைத்துத்தான் வாசனையை இறக்குவோம். ஹெக்சேன் பெட்ரோலுக்குத் தங்கை முறை. சட்டென்று ஆவியாகும், அதைவிடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். கடைசியில் பூச்சக்கைக்குள் நீராவி விட்டு, ஒட்டியிருக்கும் ஹெக்சேனை விரட்டிப் பிடித்துத் தொட்டியில் சேர்த்துவிடுவோம். அன்று அளந்து பார்த்தால், உள்ளே போனதற்கும் திரும்பி வந்ததற்கும் நடுவில் பெரிய துண்டு விழுந்தது.

முதலாளி அண்ணாச்சிக்கு யோசிக்கப் பொறுமையில்லை. நேரே நீராவி விடுகிற ஆபரேட்டர் மேல் பாய்ந்தார்.

"ஏலே, தெனமும் சாக்கு சாக்கா வீட்டுக்கு அனுப்புதியே, அதுக்குள்ள கேன வச்சுக் கடத்துதியா?"

"வெறும் சக்கைதான் அண்ணாச்சி. தொழுவத்துல கொசுவுக்குப் புகை போட நீங்கதான எடுத்துக்கிடச் சொன்னீய?"

"அத போலீஸ்ல வந்து சொல்லு." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, போன கீழ வைங்க. சக்கைய நாம இன்னும் அளக்கவே இல்ல."

அளக்க விட்டால்தானே? கழிவுக் கணக்கில் சக்கையைச் சேர்க்கப் போகும்போதெல்லாம், "சாமிக்குப் போற பூவும்மா, அது எப்படிக் குப்பையாவும்?" என்று அண்ணாச்சி என் வாயை அடைத்துவிடுவார். பூவைக் குப்பை என்று சொல்ல எனக்கும் நாக்கு எழாது.

அன்றைய குவியலிலிருந்து ஒரு வாளி அள்ளிவந்தேன். மூடிய குடுவையில் போட்டு, வெந்நீருக்குள் இறக்கிச் சூடாக்கி, வந்த ஆவியைக் குளிரவைத்தேன். கண்ணாடி ஜாடியில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அடியில் தண்ணீர். அதன்மேல் இன்னொரு திரவம் தனியாக மிதந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. தேடிய ஹெக்சேன் அதுதான்.

"நீராவி முழுசா விட்டீங்களா?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன்.

"பூவு குமிஞ்சு கெடக்கு, பாதியில நிறுத்திட்டு அடுத்த லோட ஏத்துன்னாவ அண்ணாச்சி."

அண்ணாச்சி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெற்றிக் களிப்புதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியே வெயில் இறங்கிவிட்டது. கொசுவுக்குப் புகை போடுகிற நேரம்.

"இன்னைக்குச் சாக்கு எங்க?"

"மத்தியானமே எம் பொண்டாட்டி வந்து கொண்டு போயிட்டாளே..." என்ற ஆபரேட்டர் பாதியில் நிறுத்தினார்.

தன் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். இவ்வளவுக்கும் காரணமான அண்ணாச்சியின் அவசரத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"என்னங்க?" ஆபரேட்டர் மனைவியின் குரல்.

"ஏட்டி, அந்தச் சாக்குல தீ வச்சிட்டியா?"

"எங்க வைக்க? ஒரே மண்ணெண்ண நாத்தம். மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடப் பாக்கு. வேலியோரமா இழுத்துப் போட்டுட்டேன்."

"அந்தப் பக்கம் தீப்பெட்டியோட போயிராத மக்கா," என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி என்னிடம், "சக்கையையும் கழிவுல சேத்தே அனுப்பிருங்க மேடம்," என்றார். போலீஸுக்கு அடிக்க எடுத்த போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஆபரேட்டர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஹெக்சேனக் கொண்டு போனது நெசந்தான் அண்ணாச்சி. சக்கையோட நீங்க குடுத்து விட்டதுல்லா."