எரவாணத்துத் தட்டு

எட்டாம் தேதியானால் செங்கம்மாள் மில்லுக்குள் நுழைவதில்லை. வாசலிலேயே நின்று குரல் கொடுப்பாள்.

"மேஸ்திரி, நான் தூரம். மூணு நாள் வரமாட்டேன்."

மேஸ்திரி நிமிராமல் கையை அசைப்பார். படாளத்தில் அந்த மில்லில் நெல்லை இரவில் அவிக்கிறார்கள். விடிந்ததும் களத்தில் வெயிலுக்குப் போட வேண்டும். விலக்கான பெண் நெல்லைத் தொடக்கூடாது என்பது முதலாளி வீட்டு ஆசாரம். இரண்டு மாதம் விலகாமல் வருகிறவளை மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி நெல் அவிக்கும் கொப்பரை அருகே விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?

செங்கம்மாளுக்கு இது நாலாம் மாதம். எட்டாம் தேதி மட்டும் தவறவில்லை. பக்கத்துக் குடிசை முனியம்மாவும் அதே மில் என்பதால் மூன்று நாளும் வெளியே சார்ப்பில்தான் இருப்பு. கூரை எரவாணத்தில் அதற்கென்றே செருகிய அலுமினியத் தட்டை எடுத்துத் தனியே சாப்பிடுவாள்.

மற்ற நாட்களில் வெந்த நெல்லின் வாடையோடு விடியலில் திரும்புவாள். நடந்துகொண்டே தூங்குவாள். கூடையைத் தலையில் ஏற்றும்போது ஒரு கை அடிவயிற்றுக்குப் போய்விடும்.

"இன்னாமே, ஆறு வருசமா மாசாமாசம் வெளியே குந்திக்கினு கீறே. உன் வூட்டுக்காரன் இன்னாதான் பண்றான்?" என்பாள் முனியம்மா.

"அவரு பகல்ல வண்டி ஓட்டறாரு, நான் ராவுல நெல்லு அவிக்கிறேன். ஒத்தப் பாயி போதும்க்கா எங்களுக்கு."

இருவரும் சிரிப்பார்கள்.

ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. ராத்திரி தூங்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது என்று செங்கல்பட்டில் டாக்டரம்மா சொன்னாள். "தூங்கிட்டா இன்னாத்தத் துன்றது?" என்று கேட்டுவிட்டு வந்தாள். கணவன் கன்னியப்பனிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்: "அந்த மூணு ராத்திரிதான்யா புள்ள தூங்குது." சித்திரையில் நெல் அவியல் நின்றுவிடும். அதுவரை தள்ளிவிட்டால் போதும்.

பதினைந்தாம் தேதி மாலை வேலைக்குக் கிளம்பும்போது சேலையில் ரத்தம் பட்டிருந்தது.

"படுத்துக்கினு கெட. போவாதே," என்றான் கன்னியப்பன்.

"போன வாரம்தானே தூரம்னு சொன்னேன்? மறுபடியும் இன்னான்னு சொல்றது? சீட்டைக் கிழிச்சுடுவான்." இடுப்பில் இன்னொரு துணியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கூடை சுமந்தாள். நாலாவது கொப்பரை இறங்கும் நேரத்தில் புகைபோக்கிக்குப் பின்னால் போனாள். உமிச் சாம்பலில் குழி பறித்து மூடிவிட்டு வந்தாள். "எங்கேமே போனே?" என்றாள் முனியம்மா. "வவுத்தால போவுது," என்று சொல்லி அடுத்த கூடையைத் தூக்கினாள்.

விடிந்தது. இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். முனியம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றிருந்த கன்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். எரவாணத்துக்குக் கையை நீட்டித் தட்டை உருவினான்.

முனியம்மா இன்னும் தன் வாசலில்தான் நின்றிருந்தாள். செங்கம்மாள் அவன் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கூரைக்குள் ஆழமாகச் செருகினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.