வானம் பார்த்த குஞ்சுகள்

விஸ்வநத்தம் பொன்னுத்தங்கத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பட்டாசுக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். பதினாறு வயதில் காகிதக் குழாய் சுற்றப் போனவள், முப்பது வருடமாகப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். பக்கத்து அறை தீப்பிடித்த அன்று, தன்னோடு இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முள்வேலியைத் தாண்டினாள். மறுவாரம் கம்பெனி திறந்ததும் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்ததும் அவள்தான். மேனேஜரைப் பார்த்து, "சாப்பிட்டீகளா, இல்ல எங்க உசுரைத்தான் தின்னுக்கிட்டு இருக்கீகளா?" என்று கேட்கிற வாய். அப்பேர்ப்பட்டவளை ஒரு பிடிக்குள் அடங்குகிற கோழிக்குஞ்சு நடுநடுங்க வைத்துவிட்டது.

மார்கழிக் கடைசியில் செவலைக் கோழியைப் பதிமூன்று முட்டையில் அடை வைத்திருந்தாள். இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்கிவிடும் என்று கூடையில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடுவது வழக்கம். இந்தப் பக்கம் இடி விழுந்தால்தானா? வருடம் முழுக்க எங்காவது வெடித்துக்கொண்டுதான் இருக்கும். இவள் ஆணியை இரண்டாகப் போட்டாள். ஒன்பது குஞ்சு பொரித்தது. மூன்றாம் நாள் காலையில், கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் கூட்டைத் திறந்து பார்த்தால், நான்கு குஞ்சுகளுக்குக் கழுத்து நிற்கவில்லை. தலை பின்னால் மடங்கி முதுகில் கிடக்க, அலகு வானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒன்றை எடுத்து விரலால் கழுத்தை நிமிர்த்தினாள். விட்டதும் பழையபடி திருகிக்கொண்டது. கீழே விட்டால் பின்பக்கமாகவே இரண்டு எட்டு வைத்து மல்லாந்து விழுந்தது.

"அய்யோ ஆத்தா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையைப் பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளி நிற மருந்து நகக்கண்ணில் அப்படியே இருந்தது. உள்ளே ஏழரை மாத வயிற்றோடு மகள் ரோஷினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

இவள் பயத்துக்குக் காரணம் உண்டு. ரோஷினியும் அதே கம்பெனியில், அதே அறையில் மருந்து அடைத்தவள்தான். மாப்பிள்ளை சரவணக்குமார் கேரளாவுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார்; வீட்டில் சும்மா இருக்கும் மகளை வேலையில் சேர்த்துவிட்டதே அம்மாதான். வாந்தி எடுத்துக்கொண்டே வேலை பார்த்த பிள்ளையிடம், "தீவாளி சீசன் முடியட்டும் தாயி, அப்புறம் நின்னுக்கோ" என்றும் சொன்னாள். ஐந்தாம் மாதம் முடிகிற வரைக்கும் அவள் அங்கேதான் இருந்தாள்.

தீபாவளி கழிந்து கம்பெனி திரும்பத் திறந்த சமயம், மருந்து வேலை பார்த்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குக் குறையோடு பிள்ளை பிறந்ததாம் என்று வேனில் யாரோ போகிற போக்கில் சொன்னார்கள். யார், எந்த ஊர், எதுவும் கிடையாது. சொன்னவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். பொன்னுத்தங்கத்தின் நிம்மதியும் அவளோடு இறங்கிப் போனது.

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டாள். வேலைச் சேலையை அலசுகிற தண்ணீர் கொல்லைப்பக்கம் ஓடுகிறது, அங்கே முளைக்கிற கீரை வேண்டாம். அதைக் கிளறித் தின்கிற கோழியின் முட்டை வேண்டாம். கோழிகளைக் கூட்டில் போட்டு அடைத்தாள். ரேஷன் அரிசியை ஏழு தடவை கழுவிப் போட்டாள். ரோஷினிக்கும் சோறும் ரசமும்தான். நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரைகளைக்கூட, "கம்பெனியில செய்யுற எதுவும் எம்பிள்ளை வயித்துக்குள்ள போகக்கூடாது" என்று பீரோ மேலே தூக்கி வைத்தாள். கம்பெனி என்றாலே அவளுக்கு ஒரே கம்பெனிதான்! ஸ்கேன் எடுக்க வரச்சொல்லி நர்சம்மா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஏதோ ஒரு சாக்கு. பிள்ளைக்குக் குறை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? சொல்ல விடாமல் வைத்திருப்பதே நல்லது என்று நினைத்தாள்.

இப்போது கோழிக்குஞ்சு சொல்லிவிட்டதே! நான்கையும் அட்டைப்பெட்டியில் போட்டு, ரோஷினி கண்ணில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"டாக்டரம்மா, இதுக பிழைக்காட்டியும் போகட்டும். எதனால வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் ஆஷ்லின் சின்ன வயதுப் பெண். குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாய்க்கோழிக்கு என்ன தீனி போடுறீங்க அக்கா?"

"அரிசி. ஏழு தடவை கழுவி."

"வேற?"

"வேற ஒண்ணும் கிடையாது. வெளியவே விடுறதில்ல. அம்புட்டுச் சுத்தம்."

"புழு பூச்சி, பச்சை, தவிடு எதுவுமே இல்லாம வெறும் வெள்ளை அரிசியா? அதுவும் இருக்கிற கொஞ்சத்தையும் கழுவி ஊத்திட்டு? தாய்க்கு வைட்டமின் இல்லன்னா முட்டையில எங்கிருந்து வரும், குஞ்சுக்கு எங்கிருந்து வரும்? வைட்டமின் ஈ-யும் பி ஒன்னும் குறைஞ்சா கழுத்து இப்படித் திருகும்."

பொன்னுத்தங்கம் கையை நீட்டினாள். "இந்தக் கையால இல்லையா?"

டாக்டர் அந்த நகங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "கையை நல்லாக் கழுவித்தான் ஆகணும். அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதுக்கு மொதல்ல தீனியைத்தான் சந்தேகப்படுறேன். சொட்டு மருந்து தாரேன். அதுங்களால தலையைக் குனிய முடியாது, நீங்கதான் அலகோரமா ஒவ்வொரு சொட்டா விடணும். கழுத்து நிமிர்ந்துச்சுன்னா குறை சத்துலதான்னு வச்சுக்கலாம்."

நிமிராவிட்டால்? அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். பெட்டியை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு விட்டாள். கரைத்த தீனியை விரல் நுனியில் ஊட்டினாள். இரண்டாம் நாள் ஒரு குஞ்சு செத்துப்போனது. அதைக் கொல்லையில் புதைத்தாள். செத்தது குஞ்சு என்றே அவள் மனசு நம்பவில்லை. மூன்றாம் நாளும் மாற்றமில்லை. ரோஷினி "எம்மா" என்று கூப்பிட்டாலே, வலி வந்துவிட்டதோ என்று பதறி ஓடினாள். ஓடினாலும் மகளைத் தொடமாட்டாள், வாசலோடு நின்றுகொள்வாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு குஞ்சு தலையைத் தூக்கிக் கழுத்தை நேரே வைத்துக்கொண்டு நின்றது. ஆடியது, ஆனால் நின்றது. கீழே ஊர்ந்த எறும்பை ஒரே கொத்து. பொன்னுத்தங்கம் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எதுக்கும்மா அழுகுற? அதான் நிமிந்துருச்சுல்ல" என்று பின்னால் சத்தம் கேட்டது. ரோஷினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எப்ப தாயி பாத்த?"

"மொத நாளே பாத்துட்டேன். சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "குஞ்சுக்கு ஓடிப்போய் டாக்டரைப் பாத்துட்ட. எனக்கு எப்பம்மா பாப்ப?"

பொன்னுத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கே ஆட்டோ வைத்து சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஸ்கேன் அறைக்குள் இவளை விடவில்லை. நல்லதாகப் போயிற்று; விட்டிருந்தாலும் கால் நகர்ந்திருக்காது. தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொல்லித் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது உள்ளே கூப்பிட்டார்கள்.

"பிள்ளை நல்லாருக்கு" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "இவ்வளவு லேட்டா வந்ததால எல்லாத்தையும் சொல்ல முடியாது. கழுத்து, முதுகெலும்பு, இதயம், பாத்த வரைக்கும் குறை இல்ல."

பொன்னுத்தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா தாய்க்கு ரத்தம் ஏழுதான் இருக்கு. இப்படியே பிரசவத்துக்குப் போனா பெரிய உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே அட்மிட் ஆகணும்." ரோஷினி பக்கம் திரும்பினார். "வீட்டுல என்னம்மா சாப்பிடுற?"

ரோஷினி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாந்தான் டாக்டர். கீரை, முட்டை எல்லாம். எங்கம்மா நல்லாத்தான் பாத்துக்கிடுறாக."

"பொய் சொல்லுறா டாக்டரம்மா" என்றாள் பொன்னுத்தங்கம். "வெறுஞ்சோறுதான் போட்டேன். கீரையும் கொடுக்கல, முட்டையும் கொடுக்கல. நர்சம்மா கொடுத்த மாத்திரையும் அங்கன பீரோ மேலதான் கெடக்கு. எம்பிள்ளையை நான்தான் இப்படி ஆக்கிட்டேன்."

ரோஷினி அவள் கையைப் பிடித்து அழுத்தி, போதும் என்று தலையை ஆட்டினாள். பொன்னுத்தங்கம் நிறுத்தவில்லை. என்ன அரிசி, எத்தனை தடவை கழுவினாள் என்பது வரைக்கும் சொன்னாள்.